ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு நாள்: முதல் நாள் இரவிலிருந்து திரும்பி வரும்வரை

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்விட்டு "ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்த பிழை ஒன்றுதான். நுவரெலியா விடுதியில் எட்டு மணிக்குச் சாவகாசமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவர்கள் 'உலக முடிவு' என்ற செங்குத்தான மலை விளிம்புக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அதற்குள் கீழிருந்து மேகம் ஏறி முழுப் பள்ளத்தையும் மூடிவிடும். இந்த இடத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது கடிகாரம். விளிம்பைக் காலை எட்டரைக்குள் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு அவசரமே வேண்டாம், மீதி நாளைச் சமவெளிக்கே கொடுங்கள். கீழே வரும் ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர்வரை உயரத்தில் கிடக்கும் புல்வெளியும் முகில்காடும் சேர்ந்த மேட்டுநிலம் இது. பரப்பு 3,160 ஹெக்டேயர். சிங்களத்தில் இதன் பழைய பெயர் மஹ எலிய. 1831 முதல் 1837வரை ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்கு வைத்தார்கள். தாவரவியலாளர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். சுற்றியுள்ள மலைகள் எல்லாம் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டப்பட்ட காலத்தில் சொன்ன வார்த்தை அது. 1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கே தலையூற்றுகள் உண்டு. நீங்கள் மிதித்து நடக்கும் ஈரப் பஞ்சு போன்ற மண்தான் அந்த ஆறுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி.

எந்த மாதம், எந்த நாள்

ஜனவரி முதல் மார்ச்வரை போவதே நல்லது. இந்த மேட்டுநிலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும், வடகீழ்ப் பருவமழையும் கிடைக்கும். இரண்டுக்கும் இடையில் வானம் ஓரளவு நம்பக்கூடியதாக இருப்பது வருடத் தொடக்கத்தில்தான். அந்த மாதங்களில் இரவு கடுங்குளிர். விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், மிதித்தால் நொறுங்கும். மே கடைசியிலிருந்து செப்டெம்பர்வரை காற்றும் சாரலும் பலமாக இருக்கும். அந்தக் காலத்தில் போனால் வீண் என்று சொல்லமாட்டோம், ஆனால் உலக முடிவைப் பார்ப்பது உறுதியில்லை என்ற மனதோடு போங்கள்.

ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம். ஊர் முழுவதும் வாகனம், பூங்கா வாசலில் நீண்ட வரிசை. போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்களும் சனி, ஞாயிறும் அப்படித்தான். செவ்வாய், புதன் போன்ற வேலைநாட்களில் போனால் அதே பாதையில் காலடிச் சத்தம்கூடக் கேட்காது.

நெலு என்று ஒரு செடி இங்கே உண்டு. நீலகிரியின் குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். பல ஆண்டுகள் பூக்காமல் வளர்ந்து, ஒரே காலத்தில் காடு முழுக்கப் பூத்து, விதைத்து, மடியும். 2013இலும் 2025இலும் இங்கே பெருமளவில் பூத்தது. அடுத்த பெரும் பூப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் காட்டுக்குள் இடுப்பளவு, தலையளவு உயரத்தில் அடர்ந்து நிற்கும் இளம் நெலுவை இடைப்பட்ட வருடங்களில் பார்க்கலாம்.

பட்டிப்பொலவா, ஒஹியவா

பூங்காவுக்கு இரண்டு வாசல். நுவரெலியாவில் தங்குபவர்களுக்குப் பட்டிப்பொல வாசல். அம்பேவெல மாட்டுப்பண்ணைகளைத் தாண்டி வரும் வீதி இது. நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீற்றர், வான் வண்டியில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒஹிய வாசல். அந்த வீதி ஒடுங்கியது, கொண்டையூசி வளைவுகள் அதிகம். இரண்டு வீதியும் ஃபார் இன் என்ற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் சந்திக்கின்றன. தோட்டத்துரை தோமஸ் ஃபாரின் பெயர் கொண்ட வேட்டை விடுதி அது, இப்போது தகவல் நிலையம். நடை தொடங்குவதும் முடிவதும் அங்கேதான்.

கோச்சியில் வர விரும்பினால் நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல, அல்லது அதற்கு அடுத்த ஒஹிய. பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றரில் இருக்கிறது, இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். ஒஹிய நிலையத்திலிருந்து ஃபார் இன்வரை 11 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். நல்ல கால்பலம் உள்ளவருக்கே மூன்று மணி நேரம் பிடிக்கும். அதை நடந்து முடித்துவிட்டு மேலே இன்னொரு ஒன்பதரைக் கிலோமீற்றர் நடப்பது பலருக்குத் தாங்காது, மேகத்துக்கும் முந்த முடியாது. ஆகவே நிலையத்தில் ஆட்டோ அல்லது வான் பிடியுங்கள். காத்திருந்து திரும்பக் கூட்டிவரும் கூலியையும் சேர்த்து முன்கூட்டியே பேசி முடியுங்கள். மேலே போனபின் வேறு வாகனம் கிடைக்காது. பெருமழையில் மண் சரிந்தால் மலைநாட்டு ரயில் பாதை பல நாள் மூடப்படும். புறப்படுவதற்கு முதல் நாள் ரயில் ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெலிஹுல் ஓயா பக்கத்திலிருந்து நன்பெரியல் தோட்டம் வழியே மலைச்சரிவில் ஏறி வரும் ஒரு பழைய பாதையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நுழைவுச்சீட்டு இல்லாமல் பூங்காவுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், சரிவும் மோசமானது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் இரவு: பையும் சாப்பாடும்

இங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ். சராசரி மட்டுமே அது. ஜனவரி விடியலில் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும், பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், ஒரு மணிக்கு மழை கொட்டும். ஒரே நாளில் மூன்று காலநிலைக்கும் உடுப்பு வேண்டும். தடித்த ஒரே கோட்டைவிட, கழற்றக்கூடிய மூன்று அடுக்கு நல்லது: உள்ளே வியர்வை உறிஞ்சிச் சீக்கிரம் காயும் மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத மேற்சட்டை. ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் பாரம், காய்வதற்கு ஒரு நாள் எடுக்கும், நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காதை மூடும் குல்லா கட்டாயம் வேண்டும், ஏனென்றால் விடிகாலைக் காற்று முதலில் தாக்குவது காதைத்தான்.

குடை இந்த இடத்துக்குச் சரிவராது. சமவெளிக் காற்று முதல் பத்து நிமிடத்திலேயே அதைப் புரட்டிவிடும். மழைச்சட்டையே வேண்டும்.

சப்பாத்தின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். பள்ளமும் மேடுமாகப் பிடிப்பு இருக்க வேண்டும். பாதையின் பெரும்பகுதி செங்களி, மழை பெய்தால் சவர்க்காரம் தடவியதுபோல் வழுக்கும். தேய்ந்த அடியுள்ள ஓட்டச் சப்பாத்தில் வந்து பேக்கர் நீர்வீழ்ச்சி இறக்கத்தில் விழுபவர்களைத் தினமும் பார்க்கலாம். புதுச் சப்பாத்தை அன்றைக்குத்தான் முதலில் போடுகிறேன் என்று வராதீர்கள், ஐந்தாவது கிலோமீற்றரில் குதிக்கால் கொப்பளிக்கும். மாற்றுக் காலுறை ஒரு சோடி வாகனத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் காய்ந்த காற்றும் மூச்சு வாங்குவதும் உடம்பிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே இருக்கும். மதியம் வரும் தலையிடிக்குப் பல வேளைகளில் இதுவே காரணம், உயரம் அல்ல. 2,100 மீற்றரில் மலைநோய் வருவது அரிது. ஏற்றத்தில் மூச்சு சற்று வாங்கும், அவ்வளவுதான். ஓடைத் தண்ணீர் பளிங்குபோல் தெரியும். மரைகள் என்ற பெரிய மான்கள் கூட்டமாக மேய்ந்து சாணமிடும் புல்வெளியினூடாக வரும் நீர் அது. காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பொதி செய்யும்போதுதான் கவனம் வேண்டும். பூங்காவுக்குள் பொலித்தீனுக்குத் தடை. நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காகிதத்தில் மாற்றச் சொல்வார்கள். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் விளம்பரத் தாளைக்கூடக் கத்தியால் கீறி உரித்து எடுத்துவிட்டுத்தான் போத்தலைத் திருப்பித் தருவார்கள். முன்னால் நிற்கும் இருபது பேருக்கும் இது நடந்து முடியும்வரை நீங்கள் நிற்க வேண்டும். காலை ஆறரைக்கு ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. முதல் நாள் இரவே எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவிலும் துணிப்பையிலும் மாற்றிவையுங்கள். கடையில் சோற்றுப் பொதி கட்டும் மெல்லிய லஞ்ச் ஷீட்டும் பொலித்தீன்தான், வாழையிலையில் கட்டித்தரச் சொல்லுங்கள்.

இந்தத் தடையை யாரும் தொல்லையாக நினைக்கக் கூடாது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை மரை தீனி என்றே நினைத்து விழுங்கும். அசைபோடும் விலங்கின் இரைப்பையிலிருந்து பொலித்தீன் மேலேயும் வராது, கீழேயும் போகாது. வயிறு நிறைந்த உணர்வோடு அது பட்டினி கிடந்து சாகும்.

ரொட்டியும் கட்டைச் சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம், கச்சான், கொஞ்சம் சர்க்கரை: இவை போதும். ஃபார் இன் பக்கத்தில் சிற்றுண்டிச்சாலை இருக்கிறது. சுற்றுப் பாதையில் கடையும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. இரண்டு தேவையையும் ஃபார் இன்னிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

இவற்றோடு டோர்ச், சிறு மருந்துப்பை, சன்ஸ்கிரீன். குளிர் அடிப்பதால் வெயில் சுடுவது தெரியாமல் போகும், மாலையில்தான் மூக்கும் கன்னமும் எரியும். கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். குளிரில் பற்றரி வேகமாக இறங்கும், கைப்பேசியை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

காலை: நாலரையிலிருந்து ஆறரைவரை

நுவரெலியாவிலிருந்து நாலரைக்குக் கிளம்புங்கள். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். ஆறுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வரிசையில் நின்றால் முதல் சில வாகனங்களுக்குள் வந்துவிடலாம். உள்நாட்டவர் அடையாள அட்டையையும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். இருவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆட்கட்டணத்தோடு வாகனம், சேவை, வரி எல்லாம் சேர்ந்து வரும் தொகை வெளிநாட்டிலிருந்து வருபவர்களைத் திகைக்க வைக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அந்த வாரத்துத் தொகையை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டாகக் கையில் இருந்தால் நேரம் மிச்சம்.

பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பட்டிப்பொல வாசல் வழியே வரும் வீதியோரம் அரெங்கா குளம் என்று ஒரு சின்னக் குட்டை இருக்கிறது. இலங்கைக்கு மட்டுமே உரிய சீழ்க்கைப் பூங்குருவி அதிகாலையில் அங்கே வரும். ஆண் பறவை கருநீலம், மரநிழலில் நிற்கும்போது இருட்டின் ஒரு துண்டுபோலவே தெரியும். கூரிய நீண்ட சீழ்க்கை ஒன்று முதலில் கேட்கும், பிறகுதான் கண்ணுக்கு அகப்படும். வெளிச்சம் ஏறியதும் புதருக்குள் போய்விடும். அதை நம்பி நிற்பதா, உலக முடிவுக்கு ஓடுவதா என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். இரண்டும் வேண்டுமானால் இரண்டு நாள் வாருங்கள்.

சுற்று நடை

மொத்தம் ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். ஃபார் இன்னில் தொடங்கி சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி அதே இடத்துக்கு வரும். நடைக்கு மட்டும் மூன்று மணி நேரம், நின்று பார்த்து நடந்தால் நாலரை. முதல் ஒரு கிலோமீற்றருக்குள் பாதை இரண்டாகப் பிரியும், பெயர்ப்பலகை இருக்கும். உலக முடிவு என்று காட்டும் பக்கமாகப் போங்கள். நீர்வீழ்ச்சிப் பக்கமாகத் திரும்பினால் விளிம்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகும். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் விழுந்துகொண்டுதான் இருக்கும், மேகம் அப்படிக் காத்திருக்காது.

தொடக்கம் சமதளம். இருபுறமும் புல், நடுவே ஓடை, சிறு பாலம். உறைபனிக் காலத்தில் பாலத்துப் பலகையில் பனி கண்ணாடிபோல் படிந்திருக்கும், பாதத்தை முழுதாக ஊன்றி மெதுவாகக் கடவுங்கள். பிறகு பாதை காட்டுக்குள் நுழையும். இது முகில்காடு. மரங்கள் தாழ்நிலக் காட்டு மரங்களைவிடக் குட்டை, கிளைகள் முறுக்கிக்கொண்டு குடைபோல் விரிந்திருக்கும், பட்டை முழுக்கப் பாசியும் மரத்தாடியும். காற்றும் குளிரும் ஏழை மண்ணும் மரத்தை உயர விடுவதில்லை. பாசி அலங்காரத்துக்கு இல்லை. மழையே இல்லாத நாளில்கூட மூடுபனி இலையிலும் பாசியிலும் துளியாகக் கோத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும், ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இலையெல்லாம் உதிர்ந்து சாம்பல் நிறத்தில் நிற்கும் மரங்களும் இடையிடையே தெரியும். காடு நுனியிலிருந்து கருகி மடியும் நோய் பல பத்தாண்டுகளாக இங்கே இருக்கிறது. காற்று பலமான நாளில் அந்தப் பட்டமரங்களுக்குக் கீழே உட்காராதீர்கள்.

இந்தப் பகுதியில் பாதை மழைநீர் அறுத்த வாய்க்கால்போல் தாழ்ந்து, வேரும் கல்லுமாக இருக்கும். சேறு கண்டதும் ஓரமாக ஒதுங்கிப் புல்மேல் நடக்கத் தோன்றும். அப்படி நடந்து நடந்துதான் ஒற்றையடிப் பாதை நாலாக விரிந்து, புல்வேர் செத்து, அடுத்த மழையில் அந்த மண்ணும் கரைந்து போகிறது. சேற்றினூடாகவே நடங்கள். சப்பாத்தைக் கழுவிக்கொள்ளலாம்.

ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் சிறிய உலக முடிவு. சரிவு சுமார் 270 மீற்றர். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், பெரியது முன்னால் இருக்கிறது.

அடுத்த அரை மணி, முக்கால் மணி நடையில் உலக முடிவு. மேட்டுநிலம் அங்கே திடீரென்று முடிந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்குகிறது. விளிம்புக்கு நேர் கீழே நன்பெரியல் தேயிலைத் தோட்டம், அதன் தொழிலாளர் லயன் வீடுகளின் கூரைகள் தீப்பெட்டிபோல். அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கமும் உடவளவை நீர்த்தேக்கமும் மினுங்கும். மிகத் தெளிவான நாளில் தென்கடலின் கோடுகூடத் தெரியும். ஏழரைக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட நேரமே சிறந்தது.

மேகம் ஏன் எட்டரைக்குப் பிறகு வருகிறது? இரவில் குளிர்ந்த காற்று பாரமாகி மலையிலிருந்து கீழே வடியும், அதனால் விளிம்பு தெளிந்திருக்கும். வெயில் ஏறித் தெற்கே தாழ்நிலமும் மலைச்சரிவும் சூடானதும், ஈரக்காற்று சுவரில் ஏறுவதுபோல் மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்புக்குப் பக்கத்தில் நீர்த்துளியாகும். முதலில் பள்ளத்தின் அடியில் பஞ்சுத் துணுக்குகள்போல் ஒன்றிரண்டு தோன்றும். அவை தெரிந்ததிலிருந்து அரை மணி நேரம் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சில நாள் பத்து நிமிடம்தான்.

நீங்கள் போய்ச் சேரும்போதே மூடியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். அரை மணி உட்காருங்கள். காற்று திசை மாறினால் ஒரு திரை விலகுவதுபோல் பள்ளம் திறந்து, இரண்டு நிமிடத்தில் மூடும். அரை மணிக்குள் திறக்கவில்லையென்றால் அன்றைக்கு இல்லை.

விளிம்பில் ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். காரணங்கள் பெரும்பாலும் மூன்று. தடுப்பைத் தாண்டிப் படத்துக்கு நிற்பது. பின்னால் பார்க்காமல் பின்னோக்கி அடியெடுத்து வைப்பது. விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புல்லைத் தரை என்று நம்புவது. புல்லுக்குக் கீழே மண்ணே இல்லாத இடங்கள் உண்டு. விளிம்பிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நில்லுங்கள், சின்னப் பிள்ளைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும். படம் எடுப்பவர் "இன்னும் கொஞ்சம் பின்னால்" என்று சொன்னால் கேட்கவேண்டாம்.

மெதுவாகத் திரும்பும் பாதி

உலக முடிவிலிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிவரை பாதை அகலமானது, புல்வெளியினூடாக வளைந்து போகும். எங்கள் கணக்கில் இந்த நடையின் சிறந்த பகுதி இதுதான். பெரும்பாலானவர்கள் "பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று" என்று இதை ஓட்டமாகக் கடக்கிறார்கள். நேரத்தோடு போட்டி முடிந்துவிட்டது, இனி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள்.

மரை கண்ணில் படும். தமிழகத்தில் கடமான், மிளா என்பார்கள். இலங்கையில் இவ்வளவு பெருங்கூட்டமாக இதைப் பார்க்க வேறு இடம் கிடையாது. அதிகாலையிலும் மாலையிலும் புல்வெளியில் மேயும், வெயில் ஏறினால் காட்டோரத்துக்கு ஒதுங்கும். ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் கை நீட்டினால் வாயை நீட்டும் ஆண் மரைகளும் உண்டு. பழகியது என்று நினைத்துத் தடவப் போகாதீர்கள். கொம்பு முற்றிய ஆண் ஒருமுறை தலையை ஆட்டினாலே வயிறு கிழியும். தீனி கொடுப்பதும் தடை. இங்கே சிறுத்தையும் இருக்கிறது, நடப்பவர்கள் அதைப் பார்ப்பது மிக அரிது. பாதையோரம் ரோமம் கலந்த எச்சம் கிடந்தால் இரவில் அது அந்த வழியே வந்திருக்கிறது என்று அறியலாம்.

சின்ன உயிர்களைத் தேடுவதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். காட்டோர மரத்தில் நெஞ்சளவு உயரத்தில், பாசி படிந்த தண்டைப் பாருங்கள். அங்கே மூக்கு நுனியில் ஒற்றைக் கொம்போடு ஓர் ஓணான் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணின் கொம்பு வெள்ளையாக, ஊசிபோல் நீண்டிருக்கும், பெண்ணுக்குச் சிறியது. இலங்கை மலைநாட்டில் மட்டுமே வாழும் கொம்போணான் இது. ஆபத்து என்றால் ஓடாது, தண்டின் மறுபக்கத்துக்கு மெல்ல நகரும். நீங்கள் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். எடுத்துக் கையில் வைக்காதீர்கள். குளிர்ந்த உடம்போடு வெயிலுக்காகக் காத்திருக்கும் உயிர், கீழே விழுந்தால் தப்பி ஏற அதற்கு வேகம் இல்லை.

பூக்களில் கண்ணைப் பறிப்பது சிவந்த மஹ ரத்மல், புல்வெளி நடுவே தனித்தனியாக நிற்கும் முறுக்கு மரம். மஞ்சள் பூவோடு முள்ளாக அடர்ந்து நிற்கும் புதரைக் கண்டால் ரசித்துப் பறித்துவிடாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் முட்செடி அது, புல்வெளியை விழுங்கும் களை. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கும்.

பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் உயரம், பெலிஹுல் ஓயாவில் விழுகிறது. நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடிய, பின்னாளில் நைல் நதியின் ஊற்றுத் தேடிப் போன சாமுவேல் பேக்கரின் பெயர். பிரதான பாதையிலிருந்து கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். நாள் முழுவதிலும் அதிகம் வழுக்கும் இடம் இது. பக்கவாட்டாகத் திரும்பி, முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு இறங்குங்கள். வேகமாக இறங்குபவர்களின் எடை முன்பாதத்துக்குப் போய்விடும், களிமண்ணில் அதுதான் சறுக்கும். குளிக்க அனுமதி இல்லை. பாறைமேல் படிந்த பாசியும் அடிநீரின் இழுவையும் நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

அதன் பிறகு ஒரு ஏற்றம், பிறகு ஓடையோரப் புல்வெளி. ஃபார் இன் வந்து சேர மணி பத்தரை, பதினொன்று. ஏறத்தாழ இதே நேரத்தில் எதிரே கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருப்பார்கள்.

இன்னும் நடக்க விரும்பினால்

தொட்டுபொல கந்த, 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரமான சிகரம். பட்டிப்பொல வாசலுக்கு உட்புறம் வீதியிலிருந்தே ஏறலாம், தூரம் குறைவு, ஒரு மணி நேரத்துக்குள் உச்சி. குள்ள மூங்கில் புதர்களை விலக்கிக்கொண்டு போகும் ஒடுங்கிய பாதை, கை முழுக்கச் சட்டை போட்டால் கீறல் இருக்காது.

கிரிகல்பொத்த, 2,389 மீற்றர், நாட்டின் மிக உயரமான பிதுருதலாகலைக்கு அடுத்தபடியான உயரம். இது வேறு வேலை. ஃபார் இன்னிலிருந்து போக ஏறத்தாழ 7 கிலோமீற்றர், வர அதே தூரம், ஆறேழு மணி நேரம். சதுப்பு, வேர், தாழ்ந்த கிளை, மூடுபனியில் பாதை மறைந்துபோகும் இடங்கள், ஈரக் காலத்தில் அட்டை. காலை ஏழுக்குள் புறப்படாவிட்டால் போக வேண்டாம். மதியம் பன்னிரண்டரைக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும். ஆறு மணிக்கு மேல் இங்கே இருட்டு வேகமாக விழும், வழிதவறியவர்களின் கதைகள் பெரும்பாலும் "இன்னும் பத்து நிமிடம்தானே" என்பதில்தான் தொடங்குகின்றன. தனியாகப் போகாதீர்கள். பாதை திறந்திருக்கிறதா, வழிகாட்டி வேண்டுமா என்று ஃபார் இன்னில் கேளுங்கள், போவதாகச் சொல்லிவிட்டும் போங்கள்.

பிள்ளைகளும் முதியவர்களும்

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முழுச் சுற்றையும் நடப்பார்கள், அடிக்கடி சாப்பிடக் கொடுத்தால். அதற்குச் சின்னவர்களைத் தூக்கிச் செல்லும் பெலன் உங்களுக்கு இருக்க வேண்டும், தள்ளுவண்டி ஓடாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உலக முடிவுவரை போய்விட்டு, நீர்வீழ்ச்சிக்கு இறங்காமல் மேல்பாதையிலேயே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பலாம். நடக்கவே முடியாதவர்களுக்கும் ஃபார் இன்னைச் சுற்றி மரையும் புல்வெளியும் ஓடையும் இருக்கின்றன.

ஏதாவது நடந்தால்

கணுக்கால் புரண்டால் சப்பாத்தை அவிழ்க்காதீர்கள், கழற்றினால் வீங்கித் திரும்பப் போட முடியாது. நாடாவை இறுக்கிக் கட்டி, நடக்க முடிந்தால் மெல்ல நடங்கள். நனைந்து நடுங்கத் தொடங்கியவரை முதலில் காற்றுக்கு மறைவாக உட்கார வைத்து, ஈர உடுப்பை மாற்றி, இனிப்பும் தண்ணீரும் கொடுங்கள். நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் அது தேறுவதற்கான அடையாளம் அல்ல, நிலைமை முற்றுகிறது. பூங்கா ஊழியருக்கு ஆள் அனுப்புங்கள். இலவச அம்புலன்ஸ் எண் 1990. சமிக்ஞை இல்லாவிட்டால் உயரமான திறந்த மேட்டில் ஏறி முயலுங்கள். மூடுபனியில் பாதை தவறிவிட்டதாகத் தோன்றினால் முன்னே போகாமல் நின்றுவிடுங்கள். விளிம்பு எங்கே என்று தெரியாத நிலத்தில் குருட்டு நடை கூடாது. பத்து, பதினைந்து நிமிடத்தில் மூடுபனி கொஞ்சமாவது இளகும், அல்லது யாராவது வருவார்கள்.

நெருப்பு மூட்டுவதும் புகைப்பதும் கூடாது. உறைபனிக்குப் பின் காய்ந்த புல் வைக்கோல்போல் பற்றும்.

வாகனத்தில் ஏறுமுன் சப்பாத்தின் அடியை ஒரு குச்சியால் சுரண்டி, காற்சட்டை ஓரத்தில் ஒட்டிய விதைகளை அங்கேயே தட்டிவிடுங்கள். கோர்ஸ் விதை அந்தச் சேற்றோடு வேறு மலைக்குப் போகாமல் இருக்க இது ஒன்றே வழி. வேறு காட்டிலிருந்து நேரே இங்கு வருபவர்கள் இதே வேலையை முதல் நாள் இரவே செய்துவிட வேண்டும்.